ஆறாவது விலாவில் ஒரு கரும்புள்ளி: புராஸ்டேட் புற்றுநோய் திரும்பியதா என்று தேடிய ஒரு நிகழ்வு

2024 ஆகஸ்ட் கடைசியில் ஒரு மதியம், ஓ.பி. ஏறக்குறைய முடிந்த நேரத்தில் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். 66 வயதுப் பெரியவர், அவர் மனைவி, மருமகன். பெரியவர் லைன்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பிளாஸ்டிக் ஃபைலையும் ஸ்கேன் சி.டி.யையும் மேசையில் வைத்த மருமகன், "எலும்புக்குப் பரவிடுச்சுன்னு சொல்லிட்டாங்க சார். நீங்களும் ஒரு தடவை பாத்துச் சொன்னா மனசு ஆறும்" என்றார். அந்த அம்மா எதுவும் பேசவில்லை. பேத்தியின் காதுகுத்தைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரியவந்தது.

நான் அணு மருத்துவத் துறையில், லேசான கதிர்வீச்சுள்ள மருந்தை உடம்பில் ஏற்றி அது சேரும் இடங்களைக் காட்டும் பெட் சி.டி. படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுபவன். பெரியவரின் ஒப்புதலோடு, அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். சொல்லவேண்டியது ஒன்றுதான். புராஸ்டேட் நீக்கப்பட்ட ஒருவருக்கு பி.எஸ்.ஏ., அதாவது புராஸ்டேட் செல்கள் ரத்தத்தில் விடும் புரதத்தின் அளவு, கொஞ்சமாக ஏறும்போது எடுக்கும் ஸ்கேனில், எந்த மருந்தை ஏற்றிப் படம் எடுத்தார்கள் என்று பார்க்காமல் புள்ளிகளைப் படித்தால், பொய்யை நம்பிவிட்டு உண்மையைத் தள்ளிவிடுவோம். இவருக்கு இரண்டுமே ஒரே அறிக்கையில் நடந்திருந்தன.

முன்கதை

2021-இல் இவருக்கு புராஸ்டேட் சுரப்பி முழுவதும் அறுவை செய்து அகற்றப்பட்டது. அதற்கு முன் பி.எஸ்.ஏ. 9.8. எடுத்த திசுவில் கிளீசன் 3+4, அதாவது நடுத்தர வீரியம். நிணநீர்க் கணுக்களில் நோய் இல்லை. ஆனால் சுரப்பியின் கீழ் நுனியில் வெட்டிய விளிம்பில் புற்றணுக்கள் இருந்தன. அந்த ஒரு வரி முக்கியமானது. வெட்டிய இடத்தில் மிச்சம் இருந்திருக்கலாம் என்று நோயியல் அறிக்கை மூன்று வருடத்துக்கு முன்பே சொல்லிவைத்திருந்தது.

அறுவைக்குப் பின் பி.எஸ்.ஏ. அளக்க முடியாத அளவுக்கு இறங்கியது. 2023 ஜனவரியில் 0.10. ஜூலையில் 0.14. 2024 ஜனவரியில் 0.21. ஆகஸ்டில் 0.31. சுரப்பியே இல்லாத உடம்பில் இந்த எண் ஏறினால் எங்கோ புராஸ்டேட் செல்கள் வளர்கின்றன என்று பொருள். 0.2-ஐத் தொட்டு, மறுபடி பார்த்தாலும் அதே அளவோ அதிகமோ இருந்தால் நோய் திரும்பியதாகக் கணக்கிடுவது வழக்கம். இவருக்கு எண் இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. மெதுவாக நகரும் நோய் அது.

சர்க்கரை நோய்க்குப் பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். வலி இல்லை, எடை குறையவில்லை, தினமும் காலையில் மூன்று கிலோமீட்டர் நடக்கிறார்.

அறிக்கை சொன்னது

வெளியே ஓரிடத்தில் பி.எஸ்.எம்.ஏ. பெட் சி.டி. எடுத்திருந்தார்கள். அறிக்கையின் முடிவுப் பகுதியில் மூன்று விஷயங்கள். வலது ஆறாவது விலாவின் முன்பக்கத்தில் மருந்து ஏறிய புள்ளி, எஸ்.யு.வி. (மருந்து எவ்வளவு சேர்ந்தது என்பதைக் காட்டும் எண்) 6.2, எலும்புப் பரவல். வயிற்றுக்குள் பெருந்தமனியின் இடப்பக்கம் சிறு புள்ளி, எஸ்.யு.வி. 3.4, நிணநீர்க் கணுவாக இருக்கலாம். மூன்றாவதாக, சிறுநீர்ப்பையும் சிறுநீர்க்குழாயும் தைத்து இணைத்த இடத்தில் லேசான ஏற்றம், அது சிறுநீர்.

இதை வைத்துத்தான் ஹார்மோன் ஊசியும் கூடவே தினசரி மாத்திரையும் ஆரம்பிக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எலும்புப் பரவல் என்று அறிக்கை வந்துவிட்டால் அந்தச் சிகிச்சை முறையானதுதான். அந்த மருத்துவர் மேல் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அவர் கையில் இருந்த காகிதத்தில் 'பரவல்' என்றே இருந்தது, 'இருக்கலாம்' என்றுகூட இல்லை.

அந்த ஊசி எளிதான மருந்தல்ல. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடியோடு நிறுத்தும். திடீர் திடீரென்று உடம்பு கொதிப்பது, தசை கரைவது, எலும்பு மெலிவது, சோர்வு, சர்க்கரை ஏறுவது எல்லாம் கூடவே வரும். சர்க்கரை உள்ளவருக்கு இதயத்தையும் கவனிக்கவேண்டும். எலும்புப் பரவலுக்கு என்று ஆரம்பித்தால் பொதுவாக ஆயுளுக்கும் தொடரும். அது போதாதென்று, 'நாலாம் ஸ்டேஜ்' என்று ஃபைலில் ஒருமுறை ஏறினால் அதை இறக்குவது பெரும்பாடு. அடுத்து வரும் ஒவ்வொரு டாக்டரும் அதிலிருந்துதான் படிக்கத் தொடங்குவார்.

படத்தை நானே பார்த்தபோது

சி.டி.யைக் கணினியில் ஏற்றினேன். உடம்பு முழுவதையும் சுற்றிக் காட்டும் படத்தில் முதலில் கண்ணில் பட்டது அந்த விலாப்புள்ளிதான். மருந்து சேர்ந்த இடம் இந்தப் படத்தில் கறுப்பாகத் தெரியும். வெளிறிய நெஞ்சுக்கூட்டில் கறுப்பாக ஒரு பொட்டு. நானும் அதைத்தான் முதலில் பார்த்தேன், அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போகும்.

அப்புறம் கல்லீரலைப் பார்த்தேன், நன்றாகக் கறுத்திருந்தது. பித்தப்பை அதைவிடக் கறுப்பு. சிறுநீர்ப்பை கிட்டத்தட்ட காலியாகத் தெரிந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். அறிக்கையின் முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். சிறிய எழுத்தில் இருந்தது: ஃப்ளூரின்-18 பி.எஸ்.எம்.ஏ.-1007.

இங்கே கொஞ்சம் நின்று விளக்கவேண்டும், ஏனென்றால் இந்த நிகழ்வின் முடிச்சு முழுவதும் இதில்தான் இருக்கிறது.

பி.எஸ்.எம்.ஏ. என்பது புராஸ்டேட் செல்களின் மேல் உறையில் இருக்கும் ஒரு புரதம். 1987-இல் 7இ11 என்ற எதிர்ப்புரதம் வழியாக இது அடையாளம் காணப்பட்டது. 1993-இல் இதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. புராஸ்டேட்டுக்கே உரியது என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள், அந்தப் பெயர் இன்றுவரை நம்மைத் தடுமாற வைக்கிறது. கண்ணீர்ச் சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடல் எல்லாவற்றிலும் இந்தப் புரதம் உண்டு. குடலில் இது ஃபோலேட்டை உடைக்கிறது, மூளையில் வேறு வேலை பார்க்கிறது. புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்களிலும் வரும். அதனால் ஆறிக்கொண்டிருக்கும் எலும்பு முறிவு, எலும்பு உருக்குலையும் பேஜெட் நோய், எலும்பில் உண்டாகும் தீங்கற்ற ரத்தக்குழாய்க் கட்டி, கணுக்கள் வீங்கும் சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், காசநோய்க் கணுக்கள் என்று பலதும் இந்த ஸ்கேனில் மின்னும். காசநோய் இவ்வளவு பரவலாக உள்ள நம் நாட்டில் நெஞ்சுக்குள் இருக்கும் கணுக்களைப் பார்த்ததும் புற்றுநோய் என்று எழுதும் முன் இருமல், காய்ச்சல், பழைய காசநோய்ச் சிகிச்சை பற்றி ஒரு கேள்வியாவது கேட்கவேண்டும்.

இந்தப் புரதத்தில் போய் ஒட்டும் மருந்துகளில் பல வகை உண்டு. முதலில் பரவலானது ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவான கேலியம்-68 பி.எஸ்.எம்.ஏ.-11. அமெரிக்காவில் 2020 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ், சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகங்களுக்கு இதைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. கேலியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையும் நேரம், 68 நிமிடம். கேலியத்தைத் தரும் ஜெனரேட்டர் என்ற சிறு கருவி வைத்திருக்கும் மையத்திலேயே தயாரித்து உடனே ஏற்றவேண்டும். ஃப்ளூரினுக்கு 110 நிமிடம். அதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் என்ற எந்திரம் உள்ள ஊரில் தயாரித்து வண்டியில் ஏற்றிப் பக்கத்து ஊர்களுக்கும் அனுப்பலாம். ஒரே நேரத்தில் நிறையப் பேருக்கு வரும். அதனால் ஃப்ளூரின் மருந்துகள் பல இடங்களுக்கும் வந்துவிட்டன. இது நல்ல விஷயம், சந்தேகமில்லை.

ஆனால் உடம்புக்குள் கேலியம் மருந்தின் போக்கும், ஃப்ளூரின் மருந்துகளில் ஒன்றான பி.எஸ்.எம்.ஏ.-1007-இன் போக்கும் வேறு. கேலியம் மருந்து சிறுநீர் வழியாக வெளியேறும். சிறுநீர்ப்பை விளக்குப் போல எரியும், அதன் அடியில் இருக்கும் சிறு கட்டி அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும். இணைத்துத் தைத்த இடத்தில் சிறு ஏற்றம் தெரிந்தால் அது சொட்டுச் சிறுநீராக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. பி.எஸ்.எம்.ஏ.-1007 அப்படி இல்லை. அது கல்லீரல், பித்தம் வழியாகப் போகிறது. முதல் இரண்டு மணி நேரத்தில் ஏற்றிய மருந்தில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் சிறுநீருக்கு வரும். எனவே சிறுநீர்ப்பையின் அடியில் இருப்பது தெளிவாகத் தெரியும். அங்கே ஒரு புள்ளி தெரிந்தால் சிறுநீர் என்று சுலபமாகத் தள்ளக்கூடாது.

இதற்கு விலையாக வருவது எலும்பில். பி.எஸ்.எம்.ஏ.-1007 ஏற்றியவர்களுக்கு எலும்பில், அதிலும் விலாவில், காரணம் புரியாத சின்னச் சின்னப் புள்ளிகள் அடிக்கடி தெரிகின்றன. 2020-இல் வெளியான மியூனிக் ஆய்வு ஒன்றில், அறுவைக்குப் பின் பி.எஸ்.ஏ. ஏறிய 102 பேருக்கு கேலியம் மருந்தும், அவர்களோடு ஒத்த நிலையில் உள்ள வேறு 102 பேருக்கு பி.எஸ்.எம்.ஏ.-1007-உம் கொடுத்து எடுத்த படங்களை ஒப்பிட்டார்கள். புற்றுநோய் அல்லாத புள்ளிகள் கேலியம் படங்களில் 52, மற்றதில் 245. ஏறக்குறைய ஐந்து மடங்கு. அவற்றில் பெரும்பங்கு நரம்பு முடிச்சுகள், அடுத்து நிணநீர்க் கணுக்கள், அப்புறம் எலும்புகள். ஃப்ளூரினின் கதிர்கள் கூர்மையான படம் தருவதும், அதிக அளவில் ஏற்ற முடிவதும் சேர்ந்து, முன்பு கண்ணுக்கே தெரியாமல் இருந்ததையெல்லாம் காட்டுகின்றன என்பது ஒரு விளக்கம். எலும்பு மஜ்ஜையைக் காரணம் சொல்பவர்களும் உண்டு. விவாதம் இன்னும் தீரவில்லை.

இப்போது அந்த அறிக்கையை மறுபடி படித்துப் பாருங்கள். விலாப்புள்ளி நோய், இணைப்பிடத்துப் புள்ளி சிறுநீர். கேலியம் படங்களிலேயே கண் பழகிய ஒருவர் பி.எஸ்.எம்.ஏ.-1007 படத்தைப் படித்தால் இப்படித்தான் எழுதுவார். அந்தப் பழக்கத்தில் அது பிழையும் அல்ல. மருந்து மாறியது, படிக்கும் பழக்கம் மாறவில்லை.

ஒவ்வொரு புள்ளியாக

விலாவை ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள சி.டி. வெட்டுகளில், எலும்புக்கான அமைப்பில் போட்டுப் பார்த்தேன். எலும்பு வெளுத்துக் கெட்டியாகவும் இல்லை, அரிக்கப்பட்டும் இல்லை, உறை தடிக்கவும் இல்லை. பெட்டில் ஒரு புள்ளி, சி.டி.யில் ஒன்றுமில்லை. இது மட்டும் போதாது. ஆரம்பநிலைப் பரவல் சி.டி.யில் தெரியாமல் மஜ்ஜைக்குள்ளேயே இருக்கலாம், அதுவும் உண்மைதான்.

பெரியவரிடம், "ஐயா, நெஞ்சுல எப்பவாவது அடிபட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"கம்பத்துலேர்ந்து ஒரு தடவை விழுந்திருக்கேன் சார். இருபது வருஷம் இருக்கும். ஆனா அப்ப அடிபட்டது இடது பக்கம்."

புள்ளி இருப்பதோ வலது பக்கம். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், 'பழைய முறிவு' என்று எழுதிவிட எனக்கு ஆசை வந்தது. அவர்களுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் முறிந்து ஆறியதற்கான தடம் அந்த எலும்பில் இல்லை. தவறான ஒரு காரணத்தை எடுத்துவிட்டு, வசதியான இன்னொரு தவறான காரணத்தை அங்கே வைக்கக்கூடாது.

பெருந்தமனிக்குப் பக்கத்தில் இருந்தது சுலபம். குறுக்கு வெட்டில் உருண்டையாக இல்லை, துளி போல ஆரம்பித்து நாடா போல நீண்டிருந்தது. வயிற்று உறுப்புகளுக்கு ரத்தம் கொடுக்கும் தமனி கிளம்பும் இடத்தை ஒட்டி, உதரவிதானத் தசைக்கு முன்னால் இருந்தது. வலப்பக்கத்திலும் அதேபோல ஒன்று மங்கலாக இருந்தது. இது வயிற்று நரம்பு முடிச்சு. எல்லோருக்கும் உண்டு, இந்த ஸ்கேனில் இடப்பக்கத்தது பெரும்பாலும் நன்றாகத் தெரியும். கழுத்திலும், இடுப்பெலும்புக்கு முன்னாலும் இப்படி முடிச்சுகள் உண்டு. இதைக் கணு என்று நினைத்துக் கதிர்வீச்சு கொடுத்தால் குடல்தான் பாதிக்கப்படும்.

இணைப்பிடத்துப் புள்ளிக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். நடுக்கோட்டில் இல்லை, இடப்பக்கம் பின்னால் தள்ளி இருந்தது. சிறுநீர் என்றால் குழாய் போகும் நடுவில் இருக்கவேண்டும். சிறுநீர்ப்பைக்குள் இருப்பதைவிட இந்தப் புள்ளியின் ஏற்றம் அதிகம். பையில் இல்லாத மருந்து அதன் வாசலில் மட்டும் எப்படித் தேங்கும்? பி.எஸ்.எம்.ஏ.-1007-இலும் எப்போதாவது சிறுநீர்க்குழாயில் கொஞ்சம் தெரியும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த இடமும் இந்த வடிவமும் அதற்குப் பொருந்தவில்லை. மூன்று வருடத்துக்கு முன் நோயியல் அறிக்கை சந்தேகப்பட்ட கீழ் நுனியும் அதே இடம்தான்.

எண்களின் நியாயம்

படத்தை ஓரமாக வைத்துவிட்டு பி.எஸ்.ஏ.வை மட்டும் பார்ப்போம். 2019-இல் கலிஃபோர்னியாவின் அதே இரண்டு பல்கலைக்கழகங்களும் 635 பேரை வைத்து கேலியம் மருந்தில் ஓர் ஆய்வை வெளியிட்டன. பி.எஸ்.ஏ. 0.5-க்குக் கீழ் இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்குத்தான் ஸ்கேனில் ஏதாவது தெரிந்தது. 0.5 முதல் 1 வரை 57 சதவீதம், 1 முதல் 2 வரை 84, 5-க்கு மேல் 97. இவருடைய எண் 0.31. இந்த நிலையில் ஸ்கேன் ஒன்றும் காட்டாமல் போவதே அதிகம். அதில் காட்டிய ஒரே எலும்புப்புள்ளி உண்மையான பரவலாக இருக்கவேண்டும், அதுவும் நடுத்தர வீரியமுள்ள, ஒரு வருடத்தில் இரட்டிக்கும் நோயில், விளிம்பில் மிச்சம் இருந்ததாகப் பதிவான ஒருவருக்கு. நடக்காது என்று சொல்லமுடியாது, ஆனால் நடக்க வாய்ப்பு குறைவு. தனியாக ஒரே ஒரு விலாவில், சி.டி.யில் தடமில்லாமல் தெரியும் புள்ளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தவர்களும் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே கண்டிருக்கிறார்கள்.

இதே புள்ளி வேறொருவர் விலாவில் இருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். பி.எஸ்.ஏ. 20, கிளீசன் 9, நான்கைந்து எலும்புகளில் புள்ளி, சி.டி.யில் வெள்ளைக் கெட்டி என்றால் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

எஸ்.யு.வி. 6.2 என்பது அதிகம் இல்லையா என்று மருமகன் கேட்டார். அவர் இணையத்தில் நிறையவே படித்துவிட்டு வந்திருந்தார். அந்த எண் மருந்துக்கு மருந்து, கருவிக்குக் கருவி, ஏற்றியபின் காத்திருந்த நேரத்துக்கேற்ப மாறும். தீங்கற்ற விலாப்புள்ளியிலும் அந்த அளவு வரும். ஒரு எண்ணுக்கு மேல் நோய், கீழே நோயில்லை என்று கோடு போட வழியில்லை.

இங்கே என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பி.எஸ்.எம்.ஏ.-1007 எங்களிடம் வந்த புதிதில் இதே மாதிரி ஒரு விலாப்புள்ளிக்கு 'பரவலாக இருக்க வாய்ப்பு அதிகம்' என்று நானே எழுதியிருக்கிறேன். அவருக்கு ஹார்மோன் ஊசி ஆரம்பித்தார்கள். அதன்பின் பி.எஸ்.ஏ. இறங்கியது, அதனால் எல்லோரும் அறிக்கை சரி என்றே நினைத்தோம். ஆனால் நோய் எங்கே இருந்தாலும் அந்த ஊசி பி.எஸ்.ஏ.வை இறக்கும். அது என் வரிக்கு எந்தவிதத்திலும் சாட்சி இல்லை என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. இடுப்புக்குக் கதிர்வீச்சு கொடுத்துக் குணப்படுத்தக்கூடிய காலம் அவருக்கு அதற்குள் போய்விட்டிருக்கலாம். அந்த ஐயாவின் படத்தை இன்னும் எடுத்துப் பார்ப்பேன்.

என்ன செய்தோம்

டியூமர் போர்டில் சிறுநீரக அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், ரேடியாலஜிஸ்ட், நான் எல்லோரும் உட்கார்ந்தோம். விலாவில் பயாப்ஸி எடுக்கலாமா என்ற பேச்சு வந்தது. சி.டி.யில் தெரியாத புள்ளியில் ஊசியை எங்கே குத்துவது? நுரையீரலில் பட்டுக் காற்று இறங்கும் அபாயம் வேறு. திசுவில் ஒன்றும் வராவிட்டாலும், ஊசி தப்பிப் போயிருக்குமோ என்ற சந்தேகம் அப்படியே நிற்கும். வேண்டாம் என்று முடிவானது. கேலியம் மருந்தில் இன்னொரு ஸ்கேன் எடுப்பது நியாயமான யோசனைதான், ஆனால் அதன் விடை எதுவானாலும் அடுத்து நாங்கள் செய்யப்போவது மாறாது என்பதால் அந்தச் செலவை அவர் தலையில் வைக்கவில்லை.

இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இணைப்பிடத்தின் இடப்பக்கம் பின்னால் 7 மில்லிமீட்டரில் ஒரு சிறு முடிச்சு. சாயம் ஏற்றியதும் சுற்றியுள்ள திசுவைவிட முந்திக்கொண்டு ஒளிர்ந்தது, நீர் அசைவைக் காட்டும் படத்திலும் கறுத்தது. பெட் புள்ளியும் இதுவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின.

இனி தாமதிக்கக் காரணம் இல்லை. அறுவைக்குப் பின் நோய் வெட்டிய இடத்தில் திரும்பினால் கதிர்வீச்சுக்கு இன்னும் குணப்படுத்தும் வலு உண்டு, பி.எஸ்.ஏ. 0.5-ஐத் தாண்டும் முன் கொடுத்தால் பலன் கூடுதல். ஸ்கேன் சுத்தமாக வந்தாலும்கூட, ஏதாவது தெரியட்டும் என்று காத்திருந்து இந்தக் காலத்தைக் கடத்தக்கூடாது.

ஹார்மோன் சேர்ப்பதா என்பதில்தான் அபிப்பிராயம் பிரிந்தது. கதிர்வீச்சோடு ஆறு மாதம் ஹார்மோன் ஊசி சேர்ப்பது பலருக்கு நல்லது என்பதற்கு பிரான்சில் நடந்த கெட்டுக் 16 ஆய்வு போன்றவற்றில் ஆதாரம் உண்டு. ஆனால் இவருக்கு பி.எஸ்.ஏ. குறைவு, வீரியம் நடுத்தரம், சர்க்கரை உண்டு. அதோடு நான் ஒன்றைச் சொன்னேன். ஊசி போடாமல் இடுப்புக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்து பி.எஸ்.ஏ. அடியோடு இறங்கினால், விலாவைத் தொடாமலே விலா நோயல்ல என்று தெரிந்துவிடும். ஊசி போட்டால் அந்த விடை கிடைக்காது. விடை தெரியவேண்டும் என்பதற்காக ஒருவரின் சிகிச்சையைக் குறைக்கக்கூடாது, அதையும் சேர்த்தே சொன்னேன். மற்ற காரணங்களே போதுமானவை என்று கதிர்வீச்சு மருத்துவர் ஊசி இல்லாமல் கொடுக்க முடிவு செய்தார்.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப விலாவுல ஒண்ணுமே இல்லைன்னு எழுதிக் குடுப்பீங்களா சார்?"

"அப்படி எழுத முடியாதுங்க ஐயா. ஒரு புள்ளி இருக்கு. அது நோயா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. வருஷம் ஒரு தடவை பார்ப்போம்னு எழுதுவேன்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "லைன்ல கரண்ட் இல்லைன்னு சொன்னாலும் டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் நாங்க கை வெப்போம். சரி, அப்படியே எழுதுங்க" என்றார். அந்த அம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பேசினார். ரேடியேஷனுக்கு வரும் நாட்களில் சாப்பாடு என்ன கொடுக்கலாம் என்று கேட்டார்.

முதல் அறிக்கை எழுதிய மருத்துவரை நான் போனில் கூப்பிட்டேன். தயக்கத்தோடுதான் கூப்பிட்டேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, படத்தை மறுபடி திறந்து பார்த்து, இரண்டு நாளில் திருத்திய அறிக்கை அனுப்பினார். விலாப்புள்ளி இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாதது, தீங்கற்றதாக இருக்கலாம். இணைப்பிடத்தில் நோய் திரும்பியதாகச் சந்தேகம் என்று அதில் இருந்தது. அந்தத் திருத்தம் அவசியம். இல்லாவிட்டால் பழைய காகிதம்தான் அவர் ஃபைலில் முதலாவதாக இருக்கும்.

தொடர்ந்து வந்த எண்கள்

2024 அக்டோபர், நவம்பர் மாதங்களில் புராஸ்டேட் இருந்த படுகைக்கு 33 தவணைகளாக மொத்தம் 66 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறரை வாரம். நடுவில் சில நாள் சிறுநீர் எரிச்சல், கடைசி வாரத்தில் வயிற்றோட்டம். ஹார்மோன் ஊசி எதுவும் இல்லை.

2025 பிப்ரவரியில் பி.எஸ்.ஏ. 0.11. மே மாதம் 0.04. நவம்பரில் 0.02-க்குக் கீழ், கருவி அளக்கும் எல்லைக்கு அடியில். ஆறாவது விலாவுக்கு எந்தக் கதிரும் போகவில்லை, உடம்பு முழுவதும் போகும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அங்கே இருந்தது புராஸ்டேட் நோய் என்றால் இந்த எண் இவ்வளவு கீழே வந்திருக்காது. அதே மாதம் எடுத்த நெஞ்சு சி.டி.யில் அந்த விலா முன்பு இருந்தபடியே இருந்தது. புதிதாக வெளுக்கவும் இல்லை, அரிக்கவும் இல்லை. பெட் மறுபடி எடுக்கவில்லை, பி.எஸ்.ஏ. ஏறாதவரை எடுக்கப்போவதும் இல்லை.

இந்த நிகழ்வுக்குப் பின் என் அறிக்கையில் ஒரு மாற்றம் செய்தேன். மருந்தின் பெயரைச் சின்ன எழுத்திலிருந்து முடிவுப் பகுதியின் முதல் வரிக்குக் கொண்டுவந்துவிட்டேன், அதற்கு அடுத்து அன்றைய பி.எஸ்.ஏ. பி.எஸ்.ஏ. இல்லாமல் வரும் படிவத்தை ரிசப்ஷனிலேயே திருப்பிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

பெரியவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு என் அறைக்கும் வந்து போகிறார். அடுத்த பரிசோதனை மே மாதம்.